எல்லப்ப நைனாவுக்கு நான் வைத்த முதல் செங்கல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் குழப்பம்தான். எது பார்க்க அழகாக இருக்கிறதோ அதைப் போட்டுவிடுகிறேன். போன வாரம் பத்திரிகையிலிருந்து போன் செய்து, "மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருப்பது எழுத்தா, வேறு ஏதாவதா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். சிமெண்டுக் கறை என்றேன். மற்றதையெல்லாம் அவர்களே திருத்திப் போட்டுவிட்டார்கள். நன்றி.

இந்த வாரம் என் கையைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. அதனால் எழுத்து இன்னும் கொஞ்சம் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணல் குவியலுக்குப் பின்னால்

ஒரு தை மாதக் காலை. எல்லப்ப நைனாவின் கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, அரசாங்கத் திட்டத்தில் காங்கிரீட் வீடு கட்டக் கடைக்கால் தோண்டியிருந்தது. ஈசானி மூலையில் மஞ்சள், குங்குமம் வைத்த ஒரு செங்கல். பக்கத்தில் தேங்காய், சூடம், ஒரு சொம்பு பால். ஊரில் பாதிப் பேர் பள்ளத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

நைனா ஒரு கையில் தடி, மறு கையில் மகள் தனலட்சுமியின் தோள் என்று நின்றிருந்தார். தொண்ணூறு தாண்டியவர். கல்லை அவரே வைப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் பக்கத்தில் எது ஆரம்பித்தாலும் அவர் கைதான் முதலில் படும். அவர் வீட்டுக்கு வேறு யார் கை வேண்டும்?

அந்த வீட்டைக் கட்டப்போகும் கொத்தனார் நான். ஆனால் முதல் கல் வைக்கும் நேரத்தில் நான் பக்கத்தில் நிற்கக் கூடாது. அது ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. "தசரதா, போய் டீ வாங்கியா" என்று தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கும் கொடுத்தார்கள். நான் போகாமல் மணல் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

"நேரம் போவுது நைனா, கல்ல வெய்யி" என்றார் டீக்கடை சேகர். எங்கள் ஊரில் எந்தக் காரியத்திலும் முன்னால் நின்று பேசுவது அவர்தான்.

நைனா கல்லைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

"தசரதன் எங்கடா?"

"டீ வாங்க அனுப்பிச்சிட்டோம் நைனா."

"தோ, மணலுக்குப் பின்னால ஒரு துண்டு தெரியுது பாரு. டீ அங்கதான் விக்கிறானுங்களா? அவன வரச் சொல்லு. அவன்தான் கல்லு வெக்கணும்."

சூடம் ஏற்றக் கிழித்த தீக்குச்சி, பிடித்தவர் விரலைச் சுடும்வரை எரிந்தது.

நான் மணலுக்குப் பின்னால் அப்படியே இருக்கட்டும். ஏன் எல்லோரும் அப்படி அதிர்ந்து போனார்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அந்தக் கை

எல்லப்ப நைனாவுக்குக் கைராசி வந்தது ஒரு கிணற்றில். அவர் வாலிபத்தில், ஊரில் ஒருவர் கிணறு வெட்டி வெட்டிப் பாறையாகவே வந்துகொண்டிருந்ததாம். வேறொரு இடத்தில் ஆரம்பித்த அன்று, நிலத்துக்காரருக்குக் கையில் கட்டி. கடப்பாரை பிடிக்க முடியவில்லை. வழியில் போய்க்கொண்டிருந்த எல்லப்பனைக் கூப்பிட்டு, "ஒரு குத்து குத்திட்டுப் போ" என்றிருக்கிறார்கள். குத்தினார். நாலாம் நாள் தண்ணீர் பீறிட்டு வந்ததாம்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் கை அவருக்குச் சொந்தமில்லை.

நாற்றங்காலில் முதல் பிடி விதை, புது ஆட்டோவில் முதல் சவாரி, தையல் மெஷினில் முதல் மிதி, கடையில் முதல் போணி எல்லாம் அவர்தான். வாலாஜாபாத்தில் ஒரு அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்து, ஒரே முகூர்த்தத்தில் எதிர் எதிரே அரிசிக் கடை திறந்தார்கள். இரண்டு பேரும் நைனாவைக் கூப்பிட்டிருந்தார்கள். யாரிடம் முதலில் வாங்குவது? நைனா நடு ரோட்டில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எடுத்துக்கினு வாங்க" என்றார். இருவரும் ஆளுக்கொரு படி அரிசியோடு ஓடி வந்தார்கள். அவர் மடியில் கொட்டும்போது இரண்டும் கலந்துபோனது. பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே இருந்ததாம்.

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததா என்று கேட்பீர்கள். "தண்ணி பூமியில கீது. என் கையிலயா கீது?" என்பார். ஆனால் கூப்பிட்டால் போகாமல் இருந்ததில்லை. போனால் நாஷ்டா உண்டு. அவருக்கு வடகறி என்றால் உயிர்.

ஒருமுறை கட்டிலிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். போர் போடத் தேதி குறித்தவர்கள், கடை திறக்க இருந்தவர்கள் எல்லோரும் வார்டுக்கு வந்துவிட்டார்கள். "இவர் யார், கட்சித் தலைவரா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஒரு ஆள் டாக்டரையே தனியாகக் கூப்பிட்டு, "சார், கட்டோட தொட்டா செல்லுமா?" என்று கேட்டாராம். அதற்கு டாக்டர் என்ன மருந்து எழுதிக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

வயதைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார். பென்ஷன் ஆபீசில் கூட்டிச் சொல்வார். டாக்டரிடம் குறைத்துச் சொல்வார். "நெசத்த சொன்னா வைத்தியம் பாக்க மாட்டாரு, பொழைச்சது போதும்னு வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாரு."

வெள்ளைத் தர்பூசணி

இப்படி எல்லோருக்கும் பலித்த கை எனக்கு மட்டும் பலிக்கவில்லை.

கல்யாணம் ஆன புதிதில் காஞ்சிபுரம் ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டுத் தர்பூசணி வியாபாரம் ஆரம்பித்தேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. நைனா வந்து முதல் பழத்தை அவரே வெட்டினார். உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. என் மனைவி அம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நைனா அசரவில்லை. ஒரு துண்டு எடுத்து, தோல் வரை கடித்துத் தின்றுவிட்டு, "நல்லா கீதுடா" என்றார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. சித்திரையில் அப்படி மழையை யாரும் பார்த்ததில்லை. ஒரு வாரம் விடவில்லை. ஊரே குளிர்ந்து போய்ச் சுக்குக் காப்பி குடித்தது. பழமெல்லாம் எங்கள் மாட்டுக்குப் போயிற்று. அதுவும் மூன்றாம் நாள் வேண்டாம் என்றுவிட்டது.

மைக் செட் வாங்கி, ஸ்விட்சைப் போட்டதும் புகை வந்த கதையைச் சில வாரம் முன்பே எழுதிவிட்டேன். போட்டது நைனா என்பதை மட்டும் அப்போது சொல்லவில்லை. அதனால் நேராக வாத்துக்கு வருகிறேன்.

அறுப்பு முடிந்த சமயம். ஏரியில் தண்ணீர் இருந்தது. கைக்காசு போட்டு வாத்துக் குஞ்சு வாங்கி வளர்த்து, பெரிதானதும் முதல் முறையாக ஏரியில் விட நைனாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு வாத்தைக் கையில் எடுத்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, தண்ணீரில் விட்டார். அது நீந்தியது. மற்றதெல்லாம் வரிசையாக அதன் பின்னால் போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நேராக எதிர்க்கரைக்குப் போயின. அங்கே தென்னேரிப் பக்கமிருந்து ஒரு மேய்ப்பர் பெரிய வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். என் வாத்துகள் கரையேறி அதில் கலந்துவிட்டன.

கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மேய்ப்பர் நல்ல மனிதர். "உன்னுது எதுன்னு காட்டு, புடிச்சிக்கினு போ" என்றார்.

வாத்துகளைப் பார்த்தேன். வாத்துகளும் என்னைப் பார்த்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அந்நிய மனிதரிடம் கூச்சலிட்டுச் சண்டை போடும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. "பரவால்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்சா இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏதாவது ஒரு கூட்டத்தைப் பார்த்தால், "பாருய்யா, உன்னுது எதுனா அதுல கீதா" என்பாள்.

அவர் கேட்டது

இரண்டு நாள் கழித்து, மத்தியான வெயிலில் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்சா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவராகவே பானையில் மொண்டு குடித்தார்.

"தசரதா, வாத்து விசயம் யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல நைனா."

"மழை?"

"அது எல்லாருக்கும் தெரியும் நைனா. எல்லார் மேலயும்தான பேஞ்சிது."

அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார். "அத்தினி பேருக்கும் ஆவுது. உனக்கு ஒண்டிதான் ஆவல. இது வெளிய தெரிஞ்சா அப்பால என்ன யாரும் கூப்புட மாட்டாங்கடா."

"நாஷ்டாக்கு நம்ப வூட்டுக்கு வாயேன் நைனா" என்றாள் அம்சா உள்ளேயிருந்து, குத்தலாக.

"நாஷ்டா கெடக்குதும்மா. கூப்புடலன்னா நான் இன்னா பண்ணுவேன்? பொழுது விடிஞ்சா செவுத்த பாத்துக்கினு குந்திக்கினு இருக்கணும். என் வயசுக்காரனுங்க எல்லாம் அப்டித்தான் செவுத்த பாத்துக்கினே போய்ச் சேந்தானுங்க."

அம்சா வெளியே வந்து ஒரு தட்டில் சோறு வைத்தாள். கோபம் போகவில்லை. வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் வைத்தாள்.

அவர் போன பிறகு, "இந்த மனுசனுக்கு ராசியே நீ ஊமையா இருக்கிறதுதான்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். நான் வாய் திறந்தால் அவர் பேர் போய்விடும்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. சேகர் கடையில் கூட்டமாக இருந்தது. சேகர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா தசரதா, வாத்த ஏரில வுட்டது யாரு? நைனாவா?"

எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டத்தில் என்னை யாராவது கேள்வி கேட்டாலே அப்படித்தான்.

"நானே வுட்டேன்" என்றேன்.

"அவர கூப்புடலயா?"

"கூப்புடல."

"மைக் செட்டு?"

"அதுவும் நான்தான் போட்டேன்."

"அதான பாத்தேன்!" என்று சேகர் தொடையில் தட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து கதை மாறிவிட்டது. எல்லப்பன் கை ராசியான கை, தசரதன் கை ராசி கெட்ட கை. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நல்ல மனிதர்கள்தான். விதை விடும்போது வெற்றிலை வாங்கி வரச் சொல்வார்கள். போர் போடும்போது, "வூட்ல யாரோ உன்ன தேடுறாங்கபா" என்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்சா, "யாரும் தேடலியே, நானே தேடல" என்பாள்.

கரணை

பிழைக்க வேண்டுமே. உத்திரமேரூரில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனேன். ஒரு நாள் கொத்தனார் வரவில்லை. மேஸ்திரி சுற்றிப் பார்த்து, சும்மா நின்ற என் கையில் கரணையைக் கொடுத்து, "சும்மா பூசு" என்றார். பூசினேன். சுவர் நின்றது. மறுநாளும் பூசச் சொன்னார். அதுவே தொழிலாகிவிட்டது. தேங்காய் இல்லை, சூடம் இல்லை, யார் கையும் படவில்லை.

நைனாவுக்குக் கோபம். "என்ன கூப்புடாம ஆரம்பிச்சியாமே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லதுதான் பண்ண" என்றார்.

ஊரிலும் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கை சுத்தம், பேச்சு இல்லை என்று பேர். ஆனால் முதல் கல் மட்டும் வேறு யாராவது வைப்பார்கள். நான் டீ வாங்கப் போவேன். இப்படியே வருடங்கள் போயின. இதையெல்லாம் நைனா ஒவ்வொரு கடைக்காலிலும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். முதல் கல்லை வைத்தது பெரும்பாலும் அவர்தானே.

மறுபடியும் மணல்

இப்போது என்னை மணலுக்குப் பின்னாலிருந்து எழுப்பலாம்.

எழுந்தேன். கையில் தூக்குச் சட்டி. சேகர் பள்ளத்தின் குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"நைனா, இவனா? வூடு நிக்கணுமா வாணாமா?"

"எனக்கு இன்னா வயசு ஆவுது சேகரு?"

"யாருக்குத் தெரியும்? நீயே மாத்தி மாத்தி சொல்ற."

"எதுவா இருந்தாலும் சரி, இந்த வூடு இன்னும் எம்மா நாளு நின்னா எனக்குப் போதும்?"

கூட்டம் சிரித்தது. தனலட்சுமி சிரிக்கவில்லை. அவர் போன பிறகும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் அவள்தான். "இன்னா நைனா இது பேஜாரு, சும்மா நீயே வெய்யி" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

நைனா தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பு சரியாகக் கூடாமல் கொஞ்சம் வளைந்த கை.

"இந்தக் கை ஊர்ல எல்லாத்தையும் தொட்டுச்சி. இது தொடாம ஆரம்பிச்சி, இன்னும் நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். இவன் கொத்து வேலை. எனக்கு அந்தக் கைதான் வோணும். கல்லு வெச்சா அவன் வெப்பான். இல்லன்னா நான் கூரையிலயே கெடக்கிறேன்."

"கூரைய பிரிச்சிட்டோமே நைனா" என்றது யாரோ ஒரு குரல்.

"அப்ப மரத்தடியில கெடக்கிறேன்."

பள்ளத்தில் இறங்கினேன். எத்தனையோ ஆயிரம் கல் வைத்தவன், அன்றைக்கு மட்டம் பார்க்க மறந்துபோனேன். கல்லை வைத்தேன். மேலிருந்து பாலை ஊற்றினார்கள். நைனா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கோணலா வெக்கிறடா" என்றார். நிமிர்த்தப் போனேன். "இருக்கட்டும், இருக்கட்டும். வெச்சத தொடாத."

அதனால் அந்த வீட்டின் ஈசானி மூலை இன்றைக்கும் ஒரு விரல்கடை கோணல். தனலட்சுமி வாங்கிய பீரோ அங்கே சுவரோடு ஒட்டி நிற்காது. பின்னால் பல்லி குடும்பம் நடத்துகிறது.

நின்றது

வீடு எப்போது விழும் என்று சேகர் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா எப்போது விழுவார் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி இடி இடித்தால் அம்சா என்னை எழுப்பி, "போய் வூடு கீதா பாத்துட்டு வாய்யா" என்பாள்.

ஏரி உடைந்த அந்தப் பெருமழை வருடத்தில் ஊரில் பல சுவர்கள் உட்கார்ந்துவிட்டன. சேகர் கடையே ஒரு பக்கம் சாய்ந்தது. நைனா வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சேகர் குடும்பம் நாலு நாள் அந்த வீட்டில்தான் தங்கியது. நைனா அவரைக் கோணல் மூலையில் படுக்கச் சொன்னாராம்.

நைனா நூறைத் தாண்டினார். பல் விழுந்து, வடகறியைப் பிசைந்து ஊட்ட வேண்டியிருந்தது. அப்போதும் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பழையசீவரம் வரைக்கும் போணிக்கு அழைத்துப் போனார்கள்.

கடைசியாக நான் பார்த்தபோது கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, செவுத்த பாக்கிற?"

"நீ கட்னதாச்சே. எங்கனா விரிசல் வுட்டுதான்னு தேடிக்கினு கீறேன். ஒண்ணும் ஆப்படல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "தசரதா, நான் போன அப்பால வாத்து கதைய சொல்லிடு. அந்தக் கெட்ட பேரு உனக்கு இன்னாத்துக்கு? ஆனா சிரிக்கிற மாதிரி சொல்லு. அழுது வடியாத."

"எனக்குப் பேச வராது நைனா."

"எழுதேன். அஞ்சாவது படிச்சிருக்கிற இல்ல?"

பங்குனியில் ஒரு மத்தியானம், சாப்பிட்ட வாய் ஈரம் காயுமுன் போய்விட்டார். கல்யாணச் சாவு. மேளம், பட்டாசு, பூப்பல்லக்கு என்று ஊரே கூடியது. வாலாஜாபாத் அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் வந்தார்கள். கிளம்பும் முன் எல்லோரும் வரிசையில் வந்து அந்த வளைந்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் கடைசியில் நின்றேன். என்னை யாரும் டீ வாங்க அனுப்பவில்லை.

போணி

காரியம் முடிந்து சில மாதம் ஆயிற்று. போன வாரம் சேகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தலையைச் சொரிந்தார்.

"தசரதா, பஸ் ஸ்டாண்டு கிட்ட புதுசா கடை போடுறேன். நீ வந்து மொத டீ குடிக்கணும்."

"நானா? வாணாம்பா. வேற யாரனா பாரு."

"நீ கல்லு வெச்ச வூட்ல அந்தாளு நூறு தாண்டிட்டாரு. என் கடை பத்து வருசம் நின்னா போதும். வாய்யா, கால்ல வுழட்டா?"

நைனாவின் தர்பூசணி, மைக் செட், வாத்து எல்லாவற்றையும் அவரிடம் அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காது சூடாகிவிட்டது. மூடிக்கொண்டேன். அம்சா உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

இன்று காலை போனேன். கூட்டம் நின்றது. சேகர் டீ ஆற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். கூட்டம் என் முகத்தையே பார்த்தது. சேகர் வடிகட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

அடி வண்டல் வரை குடித்தேன்.

"நல்லா கீது" என்றேன்.

அம்சா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைச் சரிபார்க்கிறாள். அவள் எட்டாவது படித்தவள். கடையில் இப்போது நல்ல கூட்டமாம். இந்த வாரப் பத்திரிகை சேகர் கடைக்கும் வரும். படிக்கட்டும்.

ஆவணி மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை. எழுதி முடித்தபோது சாயங்காலம்.